எல்ம் மொழியில் பல்லாங்குழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரவுசரில் ஆடுகிற மாதிரி ஒரு பல்லாங்குழியை எல்ம் என்ற ஃபங்ஷனல் மொழியில் (மதிப்புகளை மாற்றாமல், ஃபங்ஷன்களைக் கோத்து நிரல் எழுதும் மொழி) எழுதினேன். நினைத்ததைவிட அதிக நாள் பிடித்தது. எழுதியது கொஞ்சம், அழித்தது நிறைய. இதை ஆடிப் பார்த்தவர்களும் தாங்களே ஒன்று செய்து பார்க்க நினைத்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டுவிடுகிறேன். கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டோ பைத்தானோ தெரிந்திருந்தால் போதும்.

எல்ம் என்றால் என்ன, சுருக்கமாக?

இவான் சாப்லிக்கி என்பவர் 2012-ல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கிய மொழி. பிரவுசருக்காக மட்டுமே இருக்கிறது. நாம் எழுதுவதை அதன் கம்பைலர் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும். அந்தக் கம்பைலர் ஹாஸ்கெல்லில் எழுதப்பட்டது. மொழியின் முகஜாடையும் ஹாஸ்கெல்லைப் போலத்தான் இருக்கும். ஆனால் ஹாஸ்கெல்லில் புதியவர்களை மிரட்டும் பல சங்கதிகள் இதில் கிடையாது. ரியாக்ட் உலகத்தில் ரெடக்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தால் எல்மின் நடையை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். ரெடக்ஸ் அந்த யோசனையின் பெரும்பகுதியை இங்கிருந்துதான் எடுத்தது.

ஏன் பல்லாங்குழி? எல்லோரும் பாம்பு விளையாட்டில்தானே தொடங்குவார்கள்?

நானும் பாம்பில்தான் தொடங்கினேன். ஒரே மாலையில் முடிந்துவிட்டது, புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. பல்லாங்குழி வேறு மாதிரி. பலகை என்பது 14 எண்கள், அவ்வளவுதான். படம் வரையத் தெரியாதவரும் தொடங்கலாம். ஆனால் ஒரு தடவை அள்ளிப் போட ஆரம்பித்தால் அந்த ஒரு கை எங்கே போய் நிற்கும் என்று தலைக்குள் கணக்குப் போடுவது கஷ்டம். விதி சின்னது, விளைவு பெரியது. ஃபங்ஷனல் மொழியின் ருசி தெரிய இப்படிப்பட்ட ஆட்டம்தான் வேண்டும்.

விதி ஊருக்கு ஊர் மாறுமே, எந்த விதியை வைத்தீர்கள்?

ஊருக்கு ஊர் என்ன, வீட்டுக்கு வீடு மாறும். நான் வைத்துக்கொண்டது இது. ஆளுக்கு 7 குழி, குழிக்கு 5 காய், மொத்தம் 70. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்புறமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே சுற்றி வர வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியைப் பார்க்க வேண்டும். அங்கே காய் இருந்தால் அதை அள்ளித் தொடரலாம். அது காலி என்றால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு உங்கள் முறை முடிந்தது. அங்கேயும் ஒன்றுமில்லை என்றால் வெறுங்கை. நடுவில் எந்தக் குழியிலாவது போட்ட காயால் எண்ணிக்கை சரியாக 4 ஆனால் அது பசு. அந்தக் குழி யார் பக்கம் இருக்கிறதோ அவருக்குப் போகும்.

துடைக்கும்போது எதிர்க்குழியையும் சேர்த்து எடுக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை நான் சேர்க்கவில்லை. தோற்றவர் நிரப்ப முடியாத குழிகளை மூடிவிட்டு அடுத்த சுற்று ஆடுவதும் இன்னும் பாக்கி.

தொடங்குவதற்கு என்னென்ன வேண்டும்?

எல்ம் ஒன்றை மட்டும் நிறுவினால் போதும். ஒரு காலி ஃபோல்டரில் "எல்ம் இனிட்" என்று கட்டளை கொடுத்தால் திட்டக் கோப்பு ஒன்றை உருவாக்கித் தரும். "எல்ம் ரியாக்டர்" என்று கொடுத்தால் உங்கள் கணினியிலேயே 8000-ஆம் போர்ட்டில் பக்கம் திறக்கும். கோப்பை மாற்றிச் சேமித்து, பக்கத்தை ரீலோட் செய்தால் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. வலையில் தேடினால் எல்மில் பாங் என்ற பந்து விளையாட்டு செய்யும் பழைய பாடங்கள் நிறையக் கிடைக்கும். அவற்றில் சிக்னல் என்ற சொல் கண்ணில் பட்டால் உடனே மூடிவிடுங்கள். 2016-ல் வந்த 0.17 பதிப்பில் சிக்னலை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். அந்தப் பாடத்தை இன்று தட்டினால் ஒரு வரிகூட ஓடாது. எனக்கு இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

எதையும் மாற்ற முடியாத மொழி என்கிறார்கள். அப்புறம் காய் எப்படி நகரும்?

நகராது. ஒவ்வொரு தடவையும் புதுப் பலகை ஒன்று பிறக்கும்.

எல்மில் எழுதும் எந்த நிரலுக்கும் மூன்று உறுப்பு. மாடல் என்பது ஆட்டத்தின் இந்த நொடி: குழிகளில் எத்தனை, யார் முறை, யார் எவ்வளவு சேர்த்திருக்கிறார். அப்டேட் என்பது ஒரு ஃபங்ஷன்: ஒரு செய்தியையும் பழைய மாடலையும் வாங்கிக்கொண்டு புது மாடலைத் திருப்பித் தரும். வியூ இன்னொரு ஃபங்ஷன்: மாடலை வாங்கிக்கொண்டு திரையில் என்ன தெரிய வேண்டும் என்று சொல்லும். கிளிக், நேரம், விசை எல்லாமே செய்தியாகத்தான் உள்ளே வரும். அப்டேட்டைத் தவிர வேறு எந்த இடத்திலும் ஆட்டம் மாறாது.

ஒவ்வொரு தடவையும் புதிதாக உருவாக்கினால் மெதுவாகாதா என்பது அடுத்த கேள்வியாக வரும். 14 எண்கள் உள்ள பலகை. கவலையே வேண்டாம்.

பழைய பலகை அழியாமல் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. "ஒரு ஆட்டம் பின்னால் போ" என்ற பொத்தான் வேண்டுமென்றால் முந்தைய பலகைகளை ஒரு பட்டியலில் சேர்த்து வைத்தால் போதும். அந்தப் பொத்தானைச் சேர்க்க எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டீபக் (பிழை தேடும்) வசதியோடு கம்பைல் செய்தால் திரையின் மூலையில் ஒரு பொத்தான் வரும். அதைத் தொட்டால் திறக்கும் ஜன்னலில் இதுவரை வந்த செய்தி எல்லாம் வரிசையாக இருக்கும், எதைத் தொட்டாலும் ஆட்டம் அந்த நொடிக்குத் திரும்பும்.

ஃபார் லூப், வைல் லூப் எதுவும் இல்லாமல் சுற்றிச் சுற்றிக் காய் போடுவது எப்படி?

நான் அதிகம் தடுமாறிய இடம் இது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என் முதல் முயற்சியில், குழியைத் தொட்டதும் அந்தக் கை முழுவதையும் ஒரே மூச்சில் ஆடி முடித்து, கடைசிப் பலகையைத் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதினேன். ஓடியது. ஆனால் திரையில் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. தொட்டவுடன் 14 குழியும் படபடவென்று மாறிவிட்டன. பல்லாங்குழியில் பார்க்க என்ன இருக்கிறது, காய் ஒவ்வொன்றாக விழுவதுதானே? அது போய்விட்டது.

அப்போதுதான் கேள்வியை மாற்றிக் கேட்டுக்கொண்டேன். பாதி ஆட்டத்தில் ஒருவர் எழுந்து போகிறார், அவர் இடத்தில் இன்னொருவர் வந்து உட்காருகிறார். அவர் தொடர்ந்து ஆட என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? பலகை, கையில் மீதி எத்தனை காய், அடுத்து எந்தக் குழி, யார் முறை. இந்த நாலும் போதும். இந்த நாலையும் மாடலில் வைத்துவிட்டு, ஒரே ஒரு அடி மட்டும் எடுத்து வைக்கும் ஃபங்ஷனை எழுதினேன். தமிழில் சொன்னால் அது இவ்வளவுதான்:

கையில் காய் இருக்கிறது: அடுத்த குழியில் ஒன்று போடு. அங்கே 4 ஆகிவிட்டால் பசு, எடுத்து உரியவரிடம் சேர்.
கை காலி, அடுத்த குழியில் காய் இருக்கிறது: அள்ளிக் கையில் வை.
கை காலி, அடுத்த குழியும் காலி: அதற்கடுத்ததை எடுத்துக்கொள், முறையை மாற்று.

லூப் எங்கே போனது? அந்த ஓரடியைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதுதான் லூப். யார் கூப்பிடுகிறார்கள் என்பது அந்த ஃபங்ஷனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். திரையில் ஆடும்போது கடிகாரம் கூப்பிடுகிறது. கம்ப்யூட்டர் யோசிக்கும்போது, முறை முடியும்வரை தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் இரண்டு வரி ஃபங்ஷன் கூப்பிடுகிறது. சோதனைக் கோப்பும் அதையேதான் கூப்பிடுகிறது. விதி ஒரே இடத்தில் இருக்கிறது, மூன்று பேர் பயன்படுத்துகிறார்கள்.

14-ஆம் குழிக்குப் பிறகு முதல் குழி வர வேண்டுமே என்றால், எண்ணை 14-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் முடிந்தது. அதற்கு எல்மில் இரண்டு ஃபங்ஷன் இருக்கிறது. "மாட்பை" என்பதை எடுங்கள். மற்றது, பின்னோக்கி எண்ணும்போது மைனஸ் எண்ணைத் தந்து குழப்பும்.

கடிகாரத்தை எப்படி இணைப்பது?

சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்று நாலாவது ஒரு உறுப்பு உண்டு. "எனக்கு 250 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை செய்தி அனுப்பு" என்று அங்கே கேட்டு வைக்கலாம். அதுவும் மாடலை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன்தான் என்பதால், காய் போட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும் கடிகாரம் கேட்டு, மற்ற நேரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லலாம். ஜாவாஸ்கிரிப்டில் டைமரை நிறுத்த மறந்து, இரண்டு மூன்று டைமர் சேர்ந்து ஓடி, காய் பேய் வேகத்தில் பறக்கும் கூத்து இங்கே நடக்காது. நிறுத்துவது என்ற வேலையே நமக்கு இல்லை.

பாம்பு, பாங் மாதிரி வழுவழுவென்று நகர வேண்டிய ஆட்டத்துக்கு இந்த வழி போதாது. அதற்கு, திரை வரையப்படும் ஒவ்வொரு தடவையும் வரும் அனிமேஷன் ஃப்ரேம் செய்தியைக் கேளுங்கள். போன ஃப்ரேமிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று அது சொல்லும். வேறு டேபுக்குப் போய்விட்டுத் திரும்பினால் அந்த எண் பூதாகரமாக வந்து, பந்து சுவரைத் தாண்டிப் போய்விடும். அதனால் அதற்கு ஒரு உச்சவரம்பு வைத்துவிடுங்கள்.

காய் விழுந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு குழியைத் தொட்டால்?

என் இரண்டாவது முயற்சியில் சரியாக இதுதான் நடந்தது. பக்கத்து வீட்டுப் பையன் பொறுமையில்லாமல் தட்டோ தட்டென்று தட்ட, கையிலிருந்த காயெல்லாம் மறைந்து புதுக் கை ஆரம்பித்துவிட்டது. மாடலில் "ஓடுகிறதா" என்று ஆம்–இல்லை ஒன்றும், கையின் எண்ணிக்கை ஒன்றும் தனித்தனியாக வைத்திருந்தேன். தொடும் இடத்தில் "ஓடுகிறதா" என்று பார்க்க மறந்துபோனேன்.

இதை இன்னொரு "இஃப்" போட்டு அடைக்கலாம். எல்மில் வேறு வழி இருக்கிறது. ஆட்டத்தின் கட்டம் என்று ஒரு டைப் (ஒரு மதிப்பு என்னென்னவாக இருக்கலாம் என்ற வரையறை) எழுதினேன். அது மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: ஆட வேண்டியவருக்காகக் காத்திருக்கிறது; இத்தனை காயோடு இந்தக் குழியை நோக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறது; சுற்று முடிந்தது. கை என்ற எண் இரண்டாவது கட்டத்துக்கு உள்ளே மட்டும்தான் இருக்கிறது. இப்போது குழியைத் தொட்ட செய்தி வந்தால், மூன்று கட்டத்துக்கும் என்ன செய்வது என்று பதில் எழுதாமல் கம்பைலர் விடாது. இரண்டாவதற்கு "கண்டுகொள்ளாதே" என்று எழுதினேன். பையன் இப்போதும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

எழுதியது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேப்பரில் ஒரு கை ஆடிப் பாருங்கள். உங்கள் முதல் குழியை 1 என்று வைத்து வரிசையாக 14 வரை எண் கொடுத்து, 1-லிருந்து தொடங்குவோம். 5 காய், 2 முதல் 6 வரை விழும். அடுத்தது 7, அதில் 5; அது 8 முதல் 12 வரை. அடுத்தது 13, அதில் 5; 14, 1, 2, 3, 4 என்று சுற்றும். அடுத்தது 5, இப்போது அதில் 6. அது 6 முதல் 11 வரை. அடுத்தது 12, அதிலும் 6. 13, 14, 1, 2, 3, 4. கை காலி. அடுத்தது 5, நாமே அள்ளியதால் காலி. துடைத்துவிட்டு 6-ஐப் பார்த்தால் 7 காய்.

ஐந்து தடவை அள்ளி, 27 காய் போட்டு, 7 கிடைத்தது. தொடக்கத்தில் எல்லாக் குழியும் ஒரே மாதிரி இருப்பதால், எந்தக் குழியில் தொடங்கினாலும் இதேதான். முதலில் ஆடுகிறவருக்கு 7 நிச்சயம், பசு கிடையாது. சிறுவயதில் முதல் குழியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது எல்லாம் வீண் என்று இதை எழுதியபோதுதான் தெரிந்தது. குழிக்கு 6 வைத்து ஆடும் வீட்டில் இன்னும் வேடிக்கை: இரண்டே தடவை அள்ளியதும் கை நின்றுவிடும், ஆனால் கிடைப்பது அதே 7.

இதுதான் என் முதல் சோதனை: ஏழு குழியிலும் தொடங்கிப் பார், ஏழிலும் 7 வர வேண்டும். இரண்டாவது சோதனை இன்னும் எளிது. பலகையில் உள்ளது, கையில் உள்ளது, இருவரும் சேர்த்தது எல்லாவற்றையும் கூட்டினால் எந்த நொடியிலும் 70. "எல்ம்-டெஸ்ட்" கருவி தானாகவே தாறுமாறான ஆட்டங்களை ஆடிப் பார்த்து இதைச் சோதிக்கும்.

முதல் சோதனை தேறியது. இரண்டாவது 74 என்றது. நாலு காய் எங்கிருந்தோ முளைத்திருந்தது. நாலு என்றவுடன் பசு என்று சந்தேகம் வந்துவிட்டது. போய்ப் பார்த்தால், காய் போட்ட பிறகான பலகைக்குப் "பலகை1" என்றும், பசுவை எடுத்த பிறகான பலகைக்குப் "பலகை2" என்றும் பெயர் வைத்துவிட்டு, கடைசியில் பலகை1-ஐத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பசு உரியவரிடமும் சேர்ந்தது, குழியிலும் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே டைப் என்பதால் கம்பைலருக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதையும் மாற்ற முடியாத மொழியில் விழும் ஓட்டை பெரும்பாலும் இதுதான்: பழையதைக் கையில் வைத்துக்கொண்டு புதியது என்று நினைப்பது. நடுவில் பெயரே வைக்காமல், ஒன்றின் விடையை அடுத்ததற்கு அனுப்பும் பைப் குறியால் கோத்துவிட்டேன். பயன்படாமல் கிடக்கும் பெயர்களை "எல்ம்-ரிவ்யூ" என்ற கருவியும் காட்டிக்கொடுக்கும்.

குழிக்குள் காய்கள் இயல்பாகச் சிதறிக் கிடக்கிற மாதிரி காட்ட முடியுமா?

முடியும், ஆனால் ரேண்டம் எண்ணை வைத்து அல்ல. வியூ என்பது சுத்தமான ஃபங்ஷன். ஒரே மாடலுக்கு ஒரே படம்தான் தர வேண்டும். அதற்குள் ரேண்டம் எண் கேட்கவே முடியாது. நல்லதுதான், முடிந்திருந்தால் ஒவ்வொரு தடவை திரை வரையும்போதும் காய்கள் எல்லாம் துள்ளிக்கொண்டிருக்கும்.

நான் சூரியகாந்திப் பூவிடம் கடன் வாங்கினேன். ஒவ்வொரு காய்க்கும் முந்தைய காயிலிருந்து 137.5 டிகிரி திருப்பம், மையத்திலிருந்து தூரம் அதன் வரிசை எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. 3 காயோ 13 காயோ, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அழகாகப் பரவும். கோணத்தையும் தூரத்தையும் கொடுத்தால் இடத்தைச் சொல்லும் ஃபங்ஷன் எல்மில் தயாராகவே இருக்கிறது. காயை எஸ்விஜி என்ற பட வடிவில் நீள்வட்டமாக வரைந்து புளியங்கொட்டை நிறம் கொடுத்தேன். சோழி வரைய எடுத்த முயற்சியைப் பற்றிப் பேச வேண்டாம்.

கம்ப்யூட்டரோடு ஆட முடியுமா?

முடியும். ஃபங்ஷனல் மொழி இங்கே கொடுத்த சுகத்துக்குத்தான் மற்ற கஷ்டமெல்லாம். கம்ப்யூட்டருக்கு முன்னால் அதிகபட்சம் 7 வழி. ஏழையும் நிஜப் பலகையிலேயே ஆடிப் பார்க்கலாம், எதுவும் கெடாது; ஒவ்வொன்றும் ஒரு புதுப் பலகையைத் தரும், பழையது அப்படியே இருக்கும். நகல் எடுப்பது, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்ற வேலையே இல்லை. எந்த வழியில் அதிகம் சேர்கிறதோ அதை எடு. இந்த ஒன்றே சுமாராக ஆடுகிறவரைத் தோற்கடித்துவிடுகிறது.

எதிராளியின் பதிலையும் சேர்த்து யோசித்தால் 49 பலகை. ஆறு ஆட்டம் முன்னோக்கிப் பார்த்தால் 1,17,649 வரை போகும். அதை அப்படியே ஓடவிட்டால் பக்கம் கொஞ்ச நேரம் உறைந்து நிற்கும். நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

சமமான வழிகள் இருந்தால் ரேண்டமாக ஒன்றை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் ஆட்டத்தில் ஏழிலும் கிடைப்பது சமம் என்று மேலே பார்த்தோமே. எல்மில் ரேண்டம் எண் என்பது கேட்டவுடன் கையில் வராது. "எனக்கு ஒன்று எடுத்துக் கொடு" என்று ஒரு கட்டளையை வெளியே அனுப்ப வேண்டும். விடை பிறகு ஒரு செய்தியாக அப்டேட்டுக்கு வரும். கேரம் போர்டு வாங்க டோக்கன் எடுத்துக் காத்திருக்கிற மாதிரி முதலில் எரிச்சலாக இருக்கும். பழகிவிடும்.

சத்தம்? மதிப்பெண்ணைச் சேமிப்பது?

இரண்டும் எல்முக்கு வெளியே. "போர்ட்" என்ற வாசல் வழியாக ஜாவாஸ்கிரிப்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்: காய் விழுந்தது, "டொக்" என்று ஒலி எழுப்பு. சேமிப்பதும் அப்படியே, பக்கம் திறக்கும்போது பழைய மதிப்பெண்ணைத் தொடக்கத் தகவலாக உள்ளே கொடுத்துவிடலாம். மொத்தம் இருபது வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதியிருப்பேன். பயனர் ஒரு தடவையாவது பக்கத்தைத் தொடாமல் பிரவுசர் சத்தத்தை அனுமதிக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஃபங்ஷன்களுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

ஆசைப்பட்டேன், முடியவில்லை. எல்மில் ஃபங்ஷன் பெயர் சிற்றெழுத்தில் தொடங்க வேண்டும், டைப் பெயர் பேரெழுத்தில் தொடங்க வேண்டும் என்பது இலக்கணம். தமிழ் எழுத்துக்கு அந்தப் பேதமே கிடையாது. மேலே நான் சொன்ன பலகை1, பலகை2 எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொற்கள்தான்.

திரையில் வரும் எழுத்து தாராளமாகத் தமிழில் இருக்கலாம். ஆனால் ஆடுகிறவர் பெயருக்கு நீள வரம்பு வைக்கும்போது கவனம். "பல்லாங்குழி" என்ற சொல்லின் நீளம் என்ன என்று எல்மைக் கேட்டால் 11 என்கிறது; நாம் எண்ணினால் 6 எழுத்து. புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. 10-க்கு மேல் வெட்டிவிடு என்று எழுதினால், பாதி எழுத்தோடு பெயர் தொங்கும்.

எல்மில் எழுதினால் கிராஷே ஆகாது என்பது உண்மையா?

கிட்டத்தட்ட. 15-ஆம் குழியில் எத்தனை என்று கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் "அன்டிஃபைன்ட்" என்று கொடுத்து, ஆறு வரி தள்ளி எங்கோ வெடிக்கும். எல்ம் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று ஒரு பொட்டலமாகக் கொடுத்து, இரண்டுக்கும் பதில் எழுதச் சொல்லும். எப்போதும் 14 குழிதான் என்று நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. அதனால் "இல்லையென்றால் 0" என்று பல இடத்தில் எழுதிக்கொண்டே போனேன். அலுப்பான வேலைதான்.

ஆனால் முடிவே இல்லாமல் தன்னைத் தானே கூப்பிடும் ஃபங்ஷனைக் கம்பைலர் தடுக்காது. கடைசி வேலையாகத் தன்னையே கூப்பிடும் ஃபங்ஷனை அது ஜாவாஸ்கிரிப்ட் லூப்பாக மாற்றிவிடும். அதனால் பிழைச்செய்தியும் வராது, டேப் அப்படியே உறைந்துபோகும். கம்ப்யூட்டர் யோசிக்கும் ஃபங்ஷனில் 1,000 அடிக்கு மேல் போனால் நிறுத்து என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன்.

எல்ம் செத்துப்போன மொழி என்கிறார்களே? வேறு எதைப் படிக்கலாம்?

0.19.1 பதிப்பு 2019 அக்டோபரில் வந்தது. அதற்குப் பிறகு மொழியில் பெரிய மாற்றம் இல்லை. வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்றால் எல்மை முதலில் எடுக்கச் சொல்ல மாட்டேன். பழகுவதற்கு, மாறாமல் இருப்பது எனக்கு வசதியாகத்தான் பட்டது.

புதிதாக வேண்டுமென்றால் கிளீம் மொழியைப் பாருங்கள். 2024 மார்ச்சில் 1.0 வந்தது, அதன் லஸ்டர் நூலகம் எல்மின் இதே மாடல், அப்டேட், வியூ நடையைத்தான் பின்பற்றுகிறது. டாட்நெட் பழக்கம் உள்ளவர்களுக்கு எஃப் ஷார்ப் மொழியும், அதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் ஃபேபிளும். குளோஜர்ஸ்கிரிப்ட் டைப் கண்டிப்பு வேண்டாம் என்பவர்களுக்கு. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே விதியை மாற்றிப் பார்க்கும் சுகம் அதில் அலாதி.

வெளியிடுவது எப்படி?

"ஆப்டிமைஸ்" சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள், வரும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை மினிஃபை செய்து சுருக்குங்கள், ஒரு எச்டிஎம்எல் பக்கத்தோடு கிட்ஹப் பேஜஸ் மாதிரி எங்காவது ஏற்றுங்கள். சர்வர் வேண்டாம். டீபக் வரி ஒன்று உள்ளே மறந்து கிடந்தாலும் ஆப்டிமைஸ் செய்ய மறுத்துவிடும், அதற்காகத் திட்டாதீர்கள்.

காய் விழும் வேகம் ஏன் இப்படி? குழிக்குள் எத்தனை காய் என்று ஏன் எண் போடவில்லை?

இரண்டும் அம்மாவின் உத்தரவு. கால் விநாடிக்கு ஓரடி என்று வைத்திருந்தேன். முதல் கை 32 அடி: 27 காய் போட, 4 தடவை திரும்ப அள்ள, 1 துடைக்க. சரியாக 8 விநாடி. "இவ்வளவு மெதுவா யார்டா போடுவா?" என்றார். 150 மில்லிவிநாடிக்குக் குறைத்தேன், 5 விநாடிக்குள் முடிந்தது, ஒப்புக்கொண்டார்.

எண் விஷயத்தில் சண்டையே வந்தது. நான் ஒவ்வொரு குழியின் மேலும் எண்ணிக்கையைக் காட்டியிருந்தேன். எதிராளி குழியைக் கண்ணாலேயே எடை போடுவதுதான் ஆட்டம், எண்ணைப் போட்டுவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்றார். எடுத்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு குழியும் ஒரு பொத்தான் என்பதால், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடருக்காக "மூன்றாவது குழி, 6 காய்" என்ற விளக்கம் உள்ளே அப்படியே இருக்கிறது. கண்ணால் எண்ண முடியாத அளவு சின்ன ஃபோன் வைத்திருப்பவர்களுக்காக மூலையில் ஒரு சின்னப் பொத்தானும் வைத்திருக்கிறேன். அதைத் தொட்டால் எண் தெரியும். அம்மாவிடம் அதைப் பற்றிச் சொல்லவில்லை.